புயலுக்குப் பேரேடு எழுதியோர்

ஐப்பசி பிறந்துவிட்டால் வங்கக் கடலோரம் வாழ்வோர் அனைவர்க்கும் கவலை ஒன்றே. சென்னையில் உள்ள தமக்கையின் நலத்தையும், கடலூரில் உள்ள மாமனின் நலத்தையும், நாகையில் உள்ள சம்பந்தியின் நலத்தையும் நாம் இங்கிருந்து விசாரிக்கிறோம். கலிங்கக் கரையில் குடியிருக்கும் நம் நலத்தை அவர்கள் அங்கிருந்து விசாரிக்கிறார்கள். "துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்?" என்பது நம் முன்னோர் காலத்திலிருந்து வரும் கேள்வி. இன்று அதனோடு கைப்பேசியில் வரும் படம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. கடலின் நடுவே ஒரு புள்ளி. அதிலிருந்து கரையை நோக்கி விசிறிபோல் விரிந்து செல்லும் ஒரு கூம்பு. அதன்மேல் நாளும் நாழிகையும் குறித்த சிறு எண்கள். இப்படத்தைப் பார்த்த பின்னரே நம் இல்லத்தரசியர் மெழுகுவத்தியும் பால்மாவும் வாங்கி வைக்கின்றனர். இதனைப் பார்த்த பின்னரே ரயில்வே அதிகாரிகள் எந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கின்றனர்.

இக்கூம்பை வரைவது கணிப்பொறி என்பது பலர்க்கும் தெரியும். ஆயினும் கணிப்பொறி இதனை எவ்வாறு அறிகிறது என்று கேட்டால், ஏதோ யந்திர ஜோசியம் என்பது போன்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. உண்மையில் அது செய்வது குமாஸ்தா வேலையேயாகும். ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, மீதி இருப்பு என்று நாம் அலுவலகத்தில் எழுதும் பேரேட்டைப் போன்ற ஒன்றை அது வானத்துக்கு எழுதுகிறது. அப்பேரேட்டின் முறை, கணிப்பொறி பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே வகுக்கப்பட்டது. அதனை வகுத்தவர்கள், அதில் தோற்றவர்கள், சரியான விடை கண்டும் செவிமடுக்கப்படாதவர்கள் ஆகியோரின் வரலாற்றையே இம்மலரில் நாம் சொல்ல முற்படுகிறோம்.

வரலாறு நம் வங்கக் கடலிலேயே தொடங்குகிறது. 'சைக்ளோன்' என்று உலகம் முழுவதும் வழங்கும் சொல்லைப் படைத்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர். கப்பலோட்டியாக இருந்து, பின்னர்க் கடல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தின் தலைவரானவர். புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் குறிப்பேடுகளை அவர் சேர்த்துவைத்து, எந்த நாழிகையில் எந்தக் கப்பலுக்கு எத்திசையிலிருந்து காற்று வீசியது என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். காற்று நேராக வீசவில்லை, பாம்பு சுருண்டாற்போல் ஒரு நடுப்புள்ளியைச் சுற்றுகிறது என்பது அவர்க்குத் தெளிவாயிற்று. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அப்பெயரை இட்டார்.

அதே பிடிங்டன் செய்த மற்றொரு காரியத்தை ரயில்வேக்காரராகிய நாம் சிறப்பாக நினைக்க வேண்டும். ஹூக்ளி ஆறு தூர்ந்துவருகிறது என்று அஞ்சிய கம்பெனி ஆட்சியினர், கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் ஒன்று காண எண்ணினர். சுந்தரவனத்தின் அவ்விடம் புயலலைக்கு நேரே திறந்து கிடக்கிறது. என்றேனும் ஒருநாள் கடல் பொங்கி ஊரையே மூடிவிடும் என்று 1853ஆம் ஆண்டு கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, அதனை அச்சிட்டும் வெளியிட்டார் பிடிங்டன். எவரும் கேட்கவில்லை. கானிங் துறைமுகம் எழுந்தது. 1860களின் தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து அதுவரை இருப்புப்பாதையும் போடப்பட்டது. பிடிங்டன் 1858ஆம் ஆண்டே காலமாகிவிட்டார். 1867ஆம் ஆண்டு நவம்பர்ப் புயல் துறைமுகத்தைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. சியால்டாவிலிருந்து கானிங் செல்லும் லோக்கல் வண்டி மட்டும் இன்றும் ஓடுகிறது. பிடிங்டன் நாளைக் குறிக்கவில்லை. குறிக்க அவரிடம் வழியுமில்லை. ஆயினும் இடத்தைக் குறித்தார், காரணத்தையும் சொன்னார். அதற்கு மேல் ஒரு முன்னறிவிப்பாளரிடம் அந்நாளில் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

இதற்கிடையே 1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ அறுபதினாயிரம் பேர் மாண்டனர். அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் மற்றொரு புயல் முப்பதினாயிரம் பேர்க்குக் குறையாமல் கொண்டுபோயிற்று. அதன் பின்னரே அரசாங்கம் விழித்தது. 1865இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. தந்திக் கம்பியே அத்துறையின் உயிர்நாடி. பல ஊர்களிலிருந்து காற்றழுத்த அளவுகள் தந்தியில் வரும்; அவற்றை வரைபடத்தில் குறித்து, அழுத்தம் எங்கே தாழ்ந்துள்ளது என்று கண்டு, முன்னர் வந்த புயல்கள் சென்ற வழியை நினைவிற்கொண்டு, அதிகாரி தம் அனுபவத்தால் ஒரு முடிவு சொல்வார். பின்னர்க் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி வந்ததும் நடுக்கடலிலிருந்தும் செய்தி கிடைக்கலாயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எச்சரிக்கை சிறக்கச் சிறக்கக் கப்பல்கள் புயலை விட்டு விலகிச் சென்றன. அவை விலகிச் செல்லச் செல்லப் புயலின் அருகிலிருந்து வரும் செய்தியும் அரிதாயிற்று.

இம்முறையின் எல்லை எது என்பதை 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு காட்டிற்று. அந்தமானுக்குத் தெற்கே தோன்றி, இலங்கையைக் கடந்து வந்த புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும் வேளையில் எழுந்த பேரலையில் மூழ்கியது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் அவ்வண்டியோடு போயின. புயல் ஒன்று கடலில் இருக்கிறது என்பது துறைக்குத் தெரிந்ததே. எந்த மணிக்கு எந்த ஊரில் கடல் எத்தனை அடி உயரும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணக்குத்தான் இல்லை. அக்கணக்கு இருந்திருந்தால் அவ்வண்டி பாம்பனிலேயே நின்றிருக்கும் என்று எண்ணாத ரயில்வே ஊழியர் இல்லை.

ஆனால் அக்கணக்குக்கான அடிப்படை வேறு தேசங்களில் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இடப்பட்டிருந்தது. 1904ஆம் ஆண்டு நார்வே நாட்டு வில்ஹெல்ம் பியர்க்னஸ் என்னும் அறிஞர், வானிலையை முன்னறிவதற்கு இரண்டே தேவை என்றார். இந்த வேளையில் வானம் எந்நிலையில் உள்ளது என்பதைத் துல்லியமாக அறிதல் ஒன்று. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலை எவ்வாறு பிறக்கிறது என்னும் இயற்கை விதிகளை அறிதல் மற்றொன்று. அதாவது ஆரம்ப இருப்பும், பதிவு விதியும். விதிகள் நியூட்டன் காலம் முதல் அறியப்பட்டவையே. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று தள்ளப்படும். பூமியின் சுழற்சி அதனைப் பக்கவாட்டில் திருப்பும். வந்த காற்று போன காற்றைவிட மிகுந்தால் மீதி அங்கேயே தங்கும். ஈரம் நீராகும்போது வெப்பம் வெளிப்படும்.

இவற்றைக் கொண்டு உண்மையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்த முதல் மனிதர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்ஸன். குவேக்கர் சமயத்தவராதலால் போரில் ஆயுதமெடுக்க மறுத்து, முதல் உலகப் போரின்போது பிரான்ஸ் நாட்டுப் போர்முனையில் காயம்பட்டோர் வண்டி ஓட்டினார். ஓய்வு கிடைத்த வேளையில், 1910ஆம் ஆண்டு மே 20ஆம் நாளுக்கான பழைய அளவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் அழுத்தம் எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்று கையால் கணக்கிட்டார். அவ்வேலைக்கு ஆறு வாரம் பிடித்தது. கையெழுத்துப் பிரதி 1917ஆம் ஆண்டுப் போரில் காணாமற்போய், சில மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியில் கண்டெடுக்கப்பட்டது. இத்தனைக்கும் பின் வந்த விடை என்ன? அழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் உயரும் என்பது! அன்று அங்கே அழுத்தம் ஏறத்தாழ அசையவேயில்லை.

தவறு விதியில் இல்லை. கூட்டல் கழித்தலிலும் இல்லை. ஆரம்ப இருப்பில் இருந்தது. காற்றின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் இயற்கையில் ஓர் ஒத்திசைவு உண்டு. அளந்தெடுத்த எண்களில் அவ்வொத்திசைவு சிறிது பிசகியிருந்தது. அச்சிறு பிசகு கணக்கில் பேரலையாகப் பெருகிவிட்டது. இதனைப் பின்னாளில் பிறர் கண்டறிந்து, ஆரம்ப எண்களைச் சீர்செய்து மீண்டும் போட்டபோது அவர் முறை நல்ல விடையே தந்தது. ரிச்சர்ட்ஸன் தம் தோல்வியை மறைக்காமல் 1922இல் நூலாகவே வெளியிட்டார். அந்நூலில் அவர் காணும் கனவொன்று நம் போன்ற குமாஸ்தாக்களின் நெஞ்சைத் தொடுவது. உலக வரைபடம் சுவரெங்கும் தீட்டப்பட்ட ஒரு பெரிய வட்ட மண்டபம். அதில் 64,000 கணக்கர்கள் அடுக்கடுக்காக அமர்ந்து, தத்தம் பகுதியின் வானிலையைக் கணக்கிடுகின்றனர். நடுவே உயர்ந்த மேடையில் நிற்கும் தலைவர், முந்திச் செல்லும் பகுதியின்மீது இளஞ்சிவப்பு ஒளியையும் பிந்தி நிற்கும் பகுதியின்மீது நீல ஒளியையும் பாய்ச்சுகிறார். வேலையில் பிந்தியவர்க்கு மெமோ கொடாமல் ஒளியை மட்டும் பாய்ச்சும் மேலதிகாரி எந்த அலுவலகத்தில் கிடைப்பார்! எனினும் இன்றைய பெருங்கணிப்பொறிகளின் அமைப்பு ஏறக்குறைய இம்மண்டபமேதான். ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்கள். ஒவ்வொருவர்க்கும் பூமியின் ஒரு துண்டு. அண்டை மேசைக்காரரோடு ஓயாத எண் பரிமாற்றம்.

கனவு நனவானது 1950ஆம் ஆண்டு. அமெரிக்காவில் எனியாக் என்னும் முப்பது டன் எடையுள்ள யந்திரத்தில் ஜூல் சார்னி, ராக்னர் ஃபியோர்டாஃப்ட், ஜான் ஃபான் நாய்மன் ஆகியோர் முதல் வானிலைக் கணக்கைப் போட்டனர். மொத்தம் 270 புள்ளிகள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. இருபத்து நான்கு மணி நேர முன்னறிவிப்பைக் கணக்கிட இருபத்து நான்கு மணி நேரமே ஆயிற்று; ஆகவே நாளைய செய்தி நாளைக்கே கிடைத்தது. ஆயினும் விடை மெய்க்கு அருகில் இருந்தது.

பெருநிலப்பரப்பின் பொது வானிலைக்கு இது போதும். புயலுக்குப் போதாது. எழுநூறு கிலோமீட்டர் வலையில் புயல் முழுவதுமே ஒரு கண்ணியின் வழியே நழுவிவிடும். புயல் என்பது வெப்பத்தால் ஓடும் யந்திரம். ஏறத்தாழ 26.5 பாகைக்கு மேல் சூடேறிய கடல் நீர் ஆவியாகி மேலே செல்கிறது. அது குளிர்ந்து மழையாகும்போது உள்ளே மறைந்திருந்த வெப்பம் வெளிப்பட்டுக் காற்றை மேலும் மேலே தள்ளுகிறது. கீழே அழுத்தம் இன்னும் தாழ்கிறது. சுற்றியுள்ள ஈரக்காற்று இன்னும் விரைந்து உள்ளே பாய்கிறது. கொதிகலனின் நீராவியால் எஞ்சின் ஓடக் கண்ட பழைய ரயில்வேக்காரர்க்கு இது எளிதில் விளங்கும். இந்த எஞ்சினுக்குத் தண்டவாளம் மட்டும் இல்லை. அது எங்கே செல்லும் என்பதை அதனைச் சூழ்ந்துள்ள பெருங்காற்றோட்டமே பெரும்பாலும் முடிவு செய்கிறது; ஆற்று வெள்ளத்தில் நீர்ச்சுழி மிதந்து செல்வதை ஒக்கும்.

ஆகவே புயல் பற்றிய கேள்விகள் இரண்டாகப் பிரிந்தன. எங்கே செல்லும் என்பது ஒன்று. எவ்வளவு கடுமை பெறும் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை முந்திக் கிடைத்தது. 1957இலேயே அகிரா கசஹாரா என்னும் ஜப்பானிய அறிஞர், சூழ்ந்துள்ள காற்றோட்டத்தைக் கணக்கிட்டு அதில் புயலை மிதக்கவிட்டுச் செல்வழியைக் கணித்தார். இரண்டாம் கேள்வி கடினமானது. ஒரு புயல் பிறந்து வளர்ந்து தளரும் முழு வாழ்வையும் கணிப்பொறிக்குள் நடத்திக் காட்டிய கட்சுயுகி ஊயாமாவின் ஆராய்ச்சி 1969இல் வெளிவந்தது. வெப்ப மண்டல வானிலைக்கு இம்முறையைக் கொணர்ந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் நம்மவர்: 1932இல் சென்னையில் பிறந்து, அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றி, 2018இல் மறைந்த டி. என். கிருஷ்ணமூர்த்தி. வெவ்வேறு கணக்குகள் வெவ்வேறு விடை தரும்போது, ஒவ்வொன்றும் முன்னர் எங்கெங்கே எவ்வளவு தவறியது என்று பார்த்து, அதற்கேற்ப மதிப்பளித்து ஒன்றுசேர்க்கும் முறையை 1990களின் இறுதியில் அவர் வகுத்தார். கூட்டு விடை, தனித்தனி விடைகளைவிடச் சிறந்ததாக இருந்தது.

இத்துறையில் ஒரு பெரிய உண்மை தற்செயலாக வெளிப்பட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். 1961இல் எட்வர்ட் லொரென்ஸ் என்பார் தம் சிறு கணிப்பொறியில் ஒரு கணக்கை இடையிலிருந்து மீண்டும் ஓட்டினார். 0.506127 என்று இருந்த எண்ணை 0.506 என்று சுருக்கி இட்டார். பைசாவைத் தள்ளி ரூபாயை மட்டும் எழுதுவது போன்ற செயல். சிறிது நேரம் பழைய விடையோடு ஒட்டிச் சென்ற கணக்கு, பின்னர் முற்றிலும் வேறு வானிலையைக் காட்டிற்று. வானத்தின் ஆரம்ப இருப்பை எவராலும் கடைசிப் பைசாவரை அறிய முடியாது. ஆகவே நெடுநாளைக்கு முன்னறிவிப்பு கூறவும் முடியாது. இதற்குப் பரிகாரமாக 1992 முதல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரே கணக்கைப் பலமுறை, ஒவ்வொரு முறையும் ஆரம்ப எண்களைச் சிறிது மாற்றிப் போடலாயினர். நம் வானிலைத் துறையும் 2018 முதல் இவ்வாறு இருபத்தொரு கணக்குகளைப் பன்னிரண்டு கிலோமீட்டர் வலையில் ஓட்டிவந்தது. இருபத்தொன்றும் ஒரே ஊரைக் காட்டினால் நம்பிக்கை மிகும். ஒன்று ஆந்திரத்தையும் மற்றொன்று வங்காளத்தையும் காட்டினால் பொறுத்திருக்க வேண்டும். கைப்பேசியில் காணும் கூம்பைப் பற்றி ஒன்று சொல்லிவைப்போம். புயலின் நடுப்புள்ளி செல்லக்கூடிய எல்லையே அது. புயலின் பருமன் அன்று. நம் ஊர் கூம்புக்கு வெளியே இருக்கிறது என்று மொட்டைமாடியில் வடகம் காயப்போடுவது அறிவுடைமையாகாது.

நம் நாட்டில் இக்கணக்கு வேரூன்றிய கதை துயரத்தோடு பின்னியது. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலாத் தீவுப் பகுதியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் பொங்கி மாண்டனர். அப்புயலைச் செயற்கைக்கோள் கண்டது. கண்டும் காப்பாற்ற முடியவில்லை. காற்றைவிடப் பொங்கும் கடலே மிகுதியாகக் கொல்கிறது என்பதை உணர்ந்து, நம் வானிலைத் துறையின் பி. கே. தாஸ் வங்கக் கடலின் புயலலையைக் கணிக்கும் முறையொன்றை 1972இல் வெளியிட்டார். ஆழமற்ற வடவங்கக் கடலில் காற்று நீரைக் கரையை நோக்கித் தள்ளும்போது அது போக்கிடமின்றி உயர்கிறது. கடலடியின் ஆழம், கரையின் வளைவு, புயலின் வேகம் ஆகியவற்றை அறிந்தால் உயரத்தைக் கணக்கிடலாம். ஆயினும் 1977 நவம்பர் 19ஆம் நாள் ஆந்திரத்தின் திவிசீமையில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இதே புயலலையில் இறந்தனர். கணக்கு நூலில் இருந்தது. அதனை அன்றாடம் போட்டுச் சொல்லும் யந்திரமும் அமைப்பும் இன்னும் வரவில்லை.

யந்திரம் 1980களின் இறுதியில் வந்தது. நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்புக்கென்று 1988இல் தேசிய மையம் ஏற்பட்டு, அமெரிக்காவிலிருந்து கிரே என்னும் பெருங்கணிப்பொறி டில்லிக்கு வந்தது. நாம் கேட்டதைவிடக் குறைந்த திறனுள்ளதையே, பல நிபந்தனைகளோடு அவர்கள் கொடுத்தனர். அம்மனத்தாங்கலே நாமே பெருங்கணிப்பொறி செய்யப் புனேயில் ஒரு நிறுவனம் அமைவதற்கும் காரணமாயிற்று. 1990களின் நடுவில் நம் கணக்கின் வலை நூற்றைம்பது கிலோமீட்டர் அளவினது. எனியாக்கை நோக்கப் பெரும் முன்னேற்றமே. ஆயினும் இருபது, முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள புயலின் கண்ணுக்கு அது இன்னும் மிகப் பெரிய சல்லடை.

அச்சல்லடையோடுதான் 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாளை நாம் எதிர்கொண்டோம். அந்நாளை இக்கரையில் உள்ளோர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பாரதீப்புக்கு அருகே கரையேறிய அச்சூப்பர் சைக்ளோன் மணிக்கு 260 கிலோமீட்டர் வேகம் கொண்டது. நடு அழுத்தம் 912 மில்லிபார். கரையேறியும் ஒரு நாளுக்கு மேல் நகராமல் நின்று மழை கொட்டியது. எரசமாப் பகுதியில் கடல் ஊர் ஊராக உள்ளே புகுந்தது. மாண்டோர் பத்தாயிரத்தை ஒட்டினர். புயல் வருகிறது என்பது அறிவிக்கப்பட்டிருந்தது. அது இத்துணைக் கடுமை பெறும் என்பது உரிய காலத்தில் மக்கள் மனத்தில் பதியவில்லை. பதிந்திருந்தாலும் ஓடி ஒதுங்க இடமேது? அன்று மாநிலக் கரை முழுவதற்கும் புயல் காப்பகங்கள் இருபதை ஒட்டியே இருந்தன.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2013 அக்டோபர் 12ஆம் நாள் பாய்லின் புயல் கோபால்பூருக்கு அருகே கரையேறியது. மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்று. வெளிநாட்டு ஆய்வாளர் சிலர் இதுவும் 1999ஐப் போன்ற சூப்பர் சைக்ளோன் ஆகும் என்றும், இந்தியத் துறை குறைத்துச் சொல்கிறது என்றும் கூறினர். நம் துறை தன் கணக்கில் உறுதியாக நின்றது. புயல் துறை சொன்னபடியே வந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டனர். ஒடிசாவில் இறந்தோர் ஐம்பதுக்குள். 2019 மே 3ஆம் நாள் பூரிக்கருகே வந்த ஃபனிக்குப் பன்னிரண்டு லட்சம் மக்கள் இடம் மாறினர். நூற்றுக்கு மேற்பட்ட ரயில்கள் முன்னறிவித்து நிறுத்தப்பட்டன. அந்நாட்களில் முன்பதிவுக் கட்டணம் திருப்பிக் கொடுக்கும் ஜன்னலில் நின்ற கூட்டம் நம்மைத் திட்டியதை நாம் பெரிதாக எண்ணவில்லை. வண்டியில் ஏறாதவர்கள்தாமே திட்ட முடியும்!

1999க்கும் 2013க்கும் இடையே பேரேட்டில் நிகழ்ந்த மாற்றங்கள் பல. செயற்கைக்கோள்களும், கரையோர ராடார்களும், சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நடுக்கடலில் மிதக்கவிட்ட மிதவைகளும் ஆரம்ப இருப்பைத் திருத்தின. புயலுக்கென்றே அமைந்த கணக்குகள் வந்தன. அவற்றில் பெரிய வலைக்குள் சிறிய வலை, அதற்குள் இன்னும் நுண்ணிய வலை என்று மூன்றடுக்கு. உள்வலையின் கண்ணி சில கிலோமீட்டரே. புயல் நகர நகர உள்வலையும் உடன் நகரும். புயலின் நடுவில் அளவுகள் போதாதபோது, செயற்கைக்கோள் படத்திலிருந்து மதிப்பிட்ட கடுமைக்கேற்ற சுழல் ஒன்றைக் கணக்கர்களே அமைத்து ஆரம்ப நிலையில் பதிக்கின்றனர். காணாமற்போன ரசீதுக்குப் பதிலாகச் சான்றிதழ் எழுதிக் கணக்கை நேர்செய்வதை ஒத்த இச்செயல் தணிக்கையாளர்க்கு உகக்காது. வானிலையில் அது பயன்படுகிறது. யந்திரங்களும் வளர்ந்தன. 2018இல் புனேயில் பிரத்யூஷும் நொய்டாவில் மிஹிரும், 2024இல் அதே ஊர்களில் அர்க்காவும் அருணிகாவும் இயங்கத் தொடங்கின. 2025 மே மாதம் ஆறு கிலோமீட்டர் வலைகொண்ட பாரத் முன்னறிவிப்பு முறை நாட்டுக்கு அளிக்கப்பட்டது.

செல்வழியைக் கணிப்பதில் வெற்றி பெரிது. ஒரு நாள் முன்னதாகச் சொல்லும் இடத்தில் முன்பு சராசரி நூறு கிலோமீட்டருக்கு மேலிருந்த பிழை, இப்போது நூறுக்குள் அடங்கிவிட்டது. கடுமையைக் கணிப்பதோ இன்றும் முழுமையாகக் கைவரவில்லை. 2017 நவம்பர் 29ஆம் நாள் காலை இலங்கையின் தென்கிழக்கே வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை குமரிக் கடலில் ஒக்கி என்னும் புயலாகிவிட்டது. எச்சரிக்கை எழுந்தபோது குமரி மாவட்டத்து மீனவரும் கேரள மீனவரும் பல நாள் தொழிலுக்கென ஆழ்கடல் சென்றிருந்தனர். முந்நூறு பேருக்கு மேல் திரும்பவில்லை. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலாகும், ஆகாது, ஆகும் என்று அறிக்கைகள் மாறி மாறி வந்ததை நாம் கண்டோம். இறுதியில் அது புயலாகிப் புதுச்சேரிக்கருகே கரையேறி, நகராமல் நின்று, மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. இதற்காகத் துறையைப் பழிப்பது எளிது. ஆயினும் புயலின் கடுமையை முடிவு செய்வது, ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள மேகக் கூட்டங்களுக்குள் நிகழும் கொதிப்பு. அதனைக் கணக்கு இன்னும் சராசரி விகிதத்தில்தான் பதிந்துகொள்கிறது. எரிபொருளாகிய சூடான நீர் கடலில் எவ்வளவு ஆழம்வரை உள்ளது என்பதையும் சிதறிய மிதவைகளைக் கொண்டே மதிப்பிட வேண்டியுள்ளது.

அண்மையில் மற்றொரு வகைக் கணக்கர் வந்துள்ளனர். 2023இல் வெளிவந்த பாங்கு வெதர், கிராஃப்காஸ்ட் முதலிய செயற்கை அறிவுக் கணக்குகள் இயற்கை விதிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதில்லை. 1979 முதலான உலக வானிலைப் பதிவுகளைப் படித்து, இன்ன நிலைக்குப் பின் இன்ன நிலை வருவது வழக்கம் என்று கற்றுக்கொள்கின்றன. பத்து நாள் முன்னறிவிப்பைச் சில நிமிடங்களில் தந்துவிடுகின்றன. புயலின் வழியை நன்றாகவே சொல்கின்றன. உச்சக் கடுமையைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் அவற்றுக்கும் உண்டு. இவை படிக்கும் பதிவுகளோ, பலூன் விட்ட ஊழியரும் அளவுகளைக் குறித்த கடைநிலைக் கணக்கரும் பழைய முறைக் கணிப்பொறிகளும் சேர்ந்து எழுதியவையே. கிழிந்த பழைய ரிஜிஸ்தர்களை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று நம்மைக் கேட்போர்க்குச் சொல்ல நமக்கு ஒரு விடை கிடைத்தது.

ஒக்கிக்குப் பின் எழுந்த கேள்வி, கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் இருக்கும் படகுக்கு இக்கணக்கின் விடையை எவ்வாறு சேர்ப்பது என்பது. கைப்பேசிக்கு அங்கே அலை இல்லை. பல படகுகளில் இருந்த வானொலி அத்தொலைவு எட்டாது. செயற்கைக்கோள் வழியே எழுத்துச் செய்தி பெறவும், ஆபத்தில் தாமே செய்தி அனுப்பவும் உதவும் சிறு கருவியை இஸ்ரோ ஆக்கித் தந்தது. கடலோர மாநிலங்களின் படகுகளில் ஒரு லட்சம் கருவிகளைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30ஆம் நாள் தொடங்கப்பட்டது. செய்தி மீனவரின் தாய்மொழியிலேயே செல்லலாம், தமிழிலும் செல்லும்.